ட்வீட் பள்ளத்தாக்கின் மலைத்தடங்கள்



மிதிவண்டி சமவெளிக்கு உரிய ஊர்தி என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். பள்ளிக்குச் செல்லவும், கடைக்குச் செல்லவும், பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகச் செல்லவும் பயன்படுகின்ற அந்த எளிய பொறியை, மர வேரும் பாறையும் சேறும் நிறைந்த மலைச்சரிவில் ஏற்றியும் இறக்கியும் ஓட்டுகின்றார்கள் என்று கேட்டால், "ஏன் இந்த வீண் வேலை?" என்றே வினவத் தோன்றும். அவ்வினா நியாயமானதே. அந்த வீண் வேலையால் ஒரு நாட்டுப்புறம் எவ்வாறு பிழைத்தது, அதனால் எழுந்த வழக்குகள் யாவை, ஒரு மலைப்பாதையை எவ்வாறு அமைக்கின்றார்கள் என்பவற்றை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஸ்காத்லாந்து என்றவுடன் வடக்கே உள்ள உயர்மலை நாடும் அதன் ஏரிகளும் பென் நெவிஸ் சிகரமும் நினைவுக்கு வரும். நான் கூறவிருப்பது அப்பகுதியன்று. எடின்பரோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 23 மைல் சென்றால் பீபிள்ஸ் என்னும் சிறு நகரம் வரும். ட்வீட் என்னும் ஆறு அதன் வழியே செல்கிறது. மாஃபட் ஊருக்கு வடக்கே உள்ள குன்றுகளில் ஊற்றெடுத்து, 97 மைல் கிழக்கு நோக்கி ஓடி, பெரிக் நகரில் அது வடகடலை அடைகிறது. கடைசிப் பகுதியில் இங்கிலாந்துக்கும் ஸ்காத்லாந்துக்கும் எல்லைக்கோடாகவும் அமைகிறது. ஆற்றின் இருமருங்கும் உள்ளவை கூர்மையான சிகரங்கள் அல்ல. பழைய பனியூழியில் பனிப்பாறைகள் இழைத்து மழுக்கிவிட்ட உருண்டைக் குன்றுகள். இரண்டாயிரம் அடியை ஒட்டிய உயரமுடைய அக்குன்றுகள், யானைக் கூட்டம் ஒன்று படுத்து உறங்குவதுபோலத் தோன்றும். மேலே புல்லும் ஹெதர் என்னும் ஊதாப் பூச்செடியும், இடைச்சரிவில் ஊசியிலைக் காடும், அடியில் ஆட்டு மேய்ச்சலும், ஆற்றங்கரையில் ஊரும் என்பதே அங்குள்ள நில அமைப்பு.

பீபிள்ஸுக்குக் கிழக்கே ஆற்றோடு சென்றால் இன்னர்லீதன், வாக்கர்பர்ன் என்னும் ஊர்கள் அடுத்தடுத்து வரும். கம்பளி நெசவால் வளர்ந்த ஊர்கள் இவை. இன்னர்லீதனில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆலை எழுந்துவிட்டது. வாக்கர்பர்ன் என்ற ஊரோ 1854இல் ஆலைக்காகவே உண்டாக்கப்பட்டது. நாம் 'ட்வீட்' என்று வழங்கும் முரட்டுக் கம்பளித் துணியின் பெயரே ஒரு பிழையால் வந்தது என்று சொல்வர். சாய்கோட்டு நெசவுக்கு ஸ்காத் வழக்கில் 'ட்வீல்' என்று பெயர். இலண்டன் வணிகர் ஒருவர் கடிதத்தில் அச்சொல்லை ஆற்றின் பெயராகப் படித்துவிட்டாராம். மொழியாசிரியர்கள் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். வணிகவுலகில் பிழையும் சில சமயம் பொருள் ஈட்டித் தருகிறது.

இருப்புப்பாதை 1855இல் பீபிள்ஸை அடைந்தது, 1962இல் மூடப்பட்டது. ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கின. இன்னர்லீதனின் பழைய ஆலையும் 2013இல் கதவடைத்தது. மிதிவண்டித் தடங்களின் கதையைக் கேட்கும்போது இந்தத் தேய்வை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரயில் ஓடிய தடத்தின் மேலேயே இன்று பீபிள்ஸிலிருந்து இன்னர்லீதன் வரை நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரிய பாதை ஒன்று செல்கிறது. மலையேற அஞ்சுவோர்க்கு அதுவே போதும்.

மலைமேல் உள்ள பாதைகளோ இரயிலுக்கும் முற்பட்டவை. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், உயர்மலை நாட்டில் வளர்ந்த கறுத்த மாடுகளை மந்தை மந்தையாகத் தெற்கே ஓட்டி வருவார்கள். ஃபால்கர்க் நகரத்து மாட்டுத்தாவணியில் விலைபேசி வாங்கிய வணிகர்கள், பெண்ட்லண்ட் குன்றுகளின் கணவாய் ஒன்றைக் கடந்து பீபிள்ஸ் வழியாக இங்கிலாந்தின் சந்தைகளுக்கு அவற்றை நடத்திச் செல்வர். கடினமான சாலையில் நடக்க வேண்டியிருந்ததால் மாடுகளுக்கு இலாடமும் அடிப்பர். பீபிள்ஸுக்குத் தெற்கே குன்றின் முதுகில் ஏறிச் செல்லும் அந்த மந்தைவழியை இன்றும் காணலாம். மாடுகள் வயலில் இறங்காதவாறு இருபுறமும் கற்சுவர். நடுவே அகன்ற புல்வெளி. கொங்கு நாட்டார் இட்டேரி என்று சொல்வார்களே, அதை மலைமேல் நினைத்துக்கொள்ளுங்கள். இருப்புப்பாதையும் நீராவிக் கப்பலும் வந்தபின் மாடுகள் நடக்கவேண்டிய தேவை ஒழிந்தது. வழி மட்டும் எஞ்சியது.

ஆற்றின் தென்கரையில் டிராக்வேர் என்னும் ஊரிலிருந்து மின்ச் மூர் என்ற குன்றின் தோளைக் கடந்து செல்லும் வழி அதனினும் பழையது. 1645ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபிலிப்ஹா போரில் தோற்ற மான்ட்ரோஸ் பிரபு இவ்வழியேதான் தப்பி ஓடினார். வழியருகே ஓர் ஊற்று உண்டு. அதைப் பாலாடைக்கட்டிக் கிணறு என்பர். குன்றைக் கடப்போர் அங்கே வாழும் தேவதைகளுக்கு ஒரு துண்டு பாலாடைக்கட்டியை இட்டுச் செல்வது பழைய வழக்கம். டிராக்வேரில் உள்ள மாளிகை, இடைவிடாது மக்கள் குடியிருந்து வரும் ஸ்காத்லாந்து வீடுகளுள் மிகப் பழையது. அதன் பெரிய வாயிற்கதவுகள் 1745இல் மூடப்பட்டவை. ஸ்டூவர்ட் மரபினர் மீண்டும் முடிசூடும் வரையில் திறப்பதில்லை என்பது குடும்பத்தாரின் உறுதி. ஆகையால் அவ்வீட்டாரே பக்கவழியாகத்தான் போய்வருகிறார்கள்.

மிதிவண்டிக்கும் தென் ஸ்காத்லாந்துக்கும் உள்ள உறவையும் இங்கே கூறிவிடுகிறேன். மேற்கே டம்ஃப்ரீஸ் வட்டாரத்தில், கெய்ர் என்னும் சிற்றூரில் கர்க்பாட்ரிக் மக்மில்லன் என்ற கொல்லர் இருந்தார். அக்காலத்தில் இருசக்கர வண்டி என்பது, அதன்மேல் அமர்ந்து காலால் தரையை உந்தித் தள்ளிக்கொண்டு போவதாகவே இருந்தது. மக்மில்லன் 1839 அளவில் மிதிகோலும் இணைப்புக் கம்பியும் பொருத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றினார் என்று பின்னாளில் அவருடைய உறவினர் எழுதினார். 1842இல் கிளாஸ்கோ நகரத்தில் இத்தகைய வண்டி ஓட்டிவந்த ஒருவர் ஒரு சிறுமியின்மேல் மோதியதற்காக ஐந்து ஷில்லிங் அபராதம் செலுத்திய செய்தி பத்திரிகையில் வந்தது. ஓட்டியவர் மக்மில்லன்தானா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்து உடையவரல்லர். அவருடைய வண்டியும் கிடைக்கவில்லை. எனினும் காற்றடைத்த டயரைப் பற்றி ஐயமில்லை. ஸ்டோன்ஹேவனில் பிறந்த இராபர்ட் தாம்சன் 1845இல் அதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார். காலம் கனியவில்லை, உலகம் அதை மறந்தது. டிரெகார்னில் பிறந்து பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்து 1888இல் பட்டயம் பெற்றார். அவர் பெயரை அறியாத சைக்கிள் கடை நம் நாட்டிலும் இல்லை.

இனிக் காட்டுக்கு வருவோம். 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போரில் பதுங்குகுழிகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் மரம் போதாமல் பிரிட்டன் திண்டாடியது. அந்நாளில் ஸ்காத்லாந்தின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கே காடு. ஆதலின் 1919இல் காட்டு ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. வெற்றுக் குன்றுகளை வாங்கி மரம் நட்டார்கள். பீபிள்ஸுக்கு அருகிலுள்ள கிளென்ட்ரெஸ் காடு அவ்வாறு தொடக்க நாட்களிலேயே எழுந்தது. மிகுதியாக நடப்பட்டது சிட்கா ஸ்புரூஸ் என்னும் மரம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளர்வது அது. அதன் விதையை 1831இல் பிரிட்டனுக்கு அனுப்பியவர், ஸ்கோன் ஊரில் பிறந்த டேவிட் டக்ளஸ் என்ற தாவர ஆய்வாளர். இன்று ஸ்காத்லாந்தில் காட்டின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தொன்பது. ஆனால் ஒரே வகை மரத்தை அணிவகுத்து நிறுத்திய காடு அழகுடையதன்று. உள்ளே வெயில் நுழைவதில்லை. அடியில் புல் முளைப்பதில்லை. பறவையின் ஒலியும் குறைவு. மரம் வெட்டுவோரைத் தவிர வேறு யாரும் அக்காட்டுக்குள் நெடுங்காலம் செல்லவில்லை.

இதற்கிடையே கடலுக்கு அப்பால் கலிஃபோர்னியாவில், டமல்பயஸ் என்ற மலையில், 1970க்குப் பின்னுள்ள ஆண்டுகளில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் வண்டிகளைத் தேடி எடுத்து மண்சாலைகளில் கீழ்நோக்கிப் பாய்ந்து விளையாடினர். ஒருமுறை இறங்கினால் பின்சக்கரப் பிரேக்கில் இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுபடி அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அவ்விளையாட்டிலிருந்து மலை மிதிவண்டி பிறந்தது. முடிச்சு முடிச்சான அகன்ற டயர், நேரான கைப்பிடி, ஏற்றத்துக்கு ஏற்ற பல்சக்கரங்கள், அதிர்ச்சியைத் தாங்கும் முன்கவை, தட்டு பிரேக் என்று அது படிப்படியாக வளர்ந்தது. 1996ஆம் ஆண்டின் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அதற்கு இடம் கிடைத்தது. பிரிட்டனில் மிதிவண்டிக்கென்றே காட்டுக்குள் தடம் அமைக்கும் முறையில் வேல்ஸ் நாட்டின் கோயிட்-ய-பிரெனின் காடு வழிகாட்டியது. ட்வீட் பள்ளத்தாக்கிலும் உள்ளூர் இளைஞர்கள் தாமாகவே தடங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி நோய் தோன்றியது. நம் ஊரில் கோமாரி வந்தால் மாடு இளைக்கும், பால் வற்றும், பெரும்பாலும் தேறிவிடும். அங்கோ நோய் பரவாதிருக்க நோயுற்ற மந்தையையும் அண்டை மந்தையையும் கொன்று எரிப்பதே முறையாகக் கொள்ளப்பட்டது. நாடு முழுவதும் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. ஸ்காத்லாந்தில் மிகவும் அடிபட்டது டம்ஃப்ரீஸ்-கேலோவே வட்டாரம். எல்லைப்புற மாவட்டமும் தப்பவில்லை. நாட்டுப்புறப் பாதைகள் யாவும் அடைக்கப்பட்டன. கால்நடையும் இல்லை, விருந்தினரும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பேணிய மந்தை ஒரே நாளில் போய்விட்டால் உழவனின் நெஞ்சு எப்படியிருக்கும் என்பதை மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்நாட்டுப்புறத்துக்கு மீண்டும் மக்களை வரவழைக்க வழி தேடியவர்களின் கண்ணில் பட்டது, யாரும் நுழையாத அந்த இருண்ட காடு. தென் ஸ்காத்லாந்து முழுவதும் பரவிய அரசுக் காடுகளில் மிதிவண்டித் தடங்களை அமைத்து, அவற்றை ஒரு தொகுதியாக்கி, 'ஏழு கற்கள்' என்று பொருள்படும் பெயர் இட்டார்கள். கல்லுக்கு ஸ்காத் வழக்கில் 'ஸ்டேன்' என்பது சொல். ட்வீட் பள்ளத்தாக்கின் கிளென்ட்ரெஸ், இன்னர்லீதன் என்னும் இரண்டையும் ஒன்றாகக் கொண்டால், நியூகாசல்டன், ஏ, மேபி, டால்பியாட்டி, கர்ரோட்ரீ, கிளென்ட்ரூல் ஆகியவற்றோடு ஏழாகும். ஒவ்வொரு காட்டிலும் அவ்விடத்துக் கதையைக் குறிக்கும் சிற்பக் கல் ஒன்றைத் தடத்தருகே நாட்டியிருக்கிறார்கள். பாதையோரத்தில் கல் நட்டு ஊரின் நினைவைக் காப்பது நமக்குப் புதிதன்று.

கிளென்ட்ரெஸ் தடத்தில் செல்வது எப்படியிருக்கும் என்று சிறிது சொல்கிறேன். ஆற்றங்கரைச் சாலையை விட்டுக் காட்டுக்குள் திரும்பியதும் தடங்களின் பலகை நிற்கிறது. பனிச்சறுக்கு மலைகளில் உள்ளதுபோல நிறங்களால் கடுமையைக் காட்டுவது வழக்கம். பச்சை என்றால் அகலமும் சமனும் உடையது, சிறுவரும் செல்லலாம். நீலம் சற்றே குறுகியது. வளைவும் மேடும் உண்டு. சிவப்பில் வேரும் பாறையும் செங்குத்தான திருப்பமும் வரும். கறுப்பு, நெடுநாள் பழகியவர்க்கே உரியது. ஏறும்போது தடம் மலைச்சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மெல்ல மெல்ல மடிந்து மேலே செல்லும். மூச்சு வாங்கும், பேச்சு நின்றுவிடும். மரங்கள் முடியுமிடத்தில் திடீரென்று வானம் திறக்கும். கீழே பள்ளத்தாக்கில் ட்வீட் ஆறு வெள்ளிக் கம்பிபோலக் கிடக்கும். பிறகு இறக்கம். மணிக்கணக்கில் ஏறியதை நிமிடங்களில் இறங்கிவிடுவார்கள். இக்காட்டினுள் இரும்புக்காலத்து மக்கள் கட்டிய குன்றுக்கோட்டைகளின் சுவடுகளும் உள்ளன. இறக்கத்தின் வேகத்தில் அவற்றைப் பார்ப்பவர் எத்தனை பேரோ!

இன்னர்லீதன் தடங்கள் இதைவிடக் கடுமையானவை. அங்கே மின்ச் மூர் குன்றின் உச்சி 567 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் ஏறவேண்டும். நான் புவியியல் கற்பித்த காலத்தில் சமவுயரக் கோடுகளை மாணவர்க்கு விளக்குவது பெரும்பாடாக இருக்கும். பிரிட்டனின் 1:50,000 அளவு நிலப்படத்தில் பத்து மீட்டருக்கு ஒரு கோடு. 400 மீட்டர் என்றால் நாற்பது கோடுகள். தம் தொடையின் வலியால் அந்த நாற்பதையும் எண்ணியவனுக்குச் சமவுயரக் கோடு பின்னர் மறக்காது. ஏறுவதற்கு மனமில்லாதவர்களை வண்டியோடு உச்சிக்கு ஏற்றிச் செல்லும் ஊர்தி வசதியும் இன்னர்லீதனில் உண்டு. ஏறாமல் இறங்குவதில் முழுமை இல்லை என்பது என் கருத்து, இளைஞர்கள் ஏற்கமாட்டார்கள்.

தடம் அமைக்கும் தொழிலை விளக்க வேண்டும். ஏனெனில் பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் மண்பாதை. மலைப்பாதையின் முதற்பகைவன் சக்கரமன்று, நீர். நீர் எப்போதும் செங்குத்தான வழியையே நாடும். பாதையும் சரிவுக்கு நேர்கீழாகச் சென்றால், முதல் மழையிலேயே பாதை ஓடையாகிவிடும்; இரண்டாம் மழையில் பள்ளமாகும். ஆகவே சரிவுக்குக் குறுக்காகப் பாதையை வெட்டவேண்டும். பாதையின் சாய்வு, அது செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேற்படலாகாது என்பது தடம் அமைப்போர் கைக்கொள்ளும் விதி. மொத்தத்தில் நூறடிக்குப் பத்தடி ஏற்றம் என்பது பொதுவான அளவு. பாதையின் தளத்தை வெளிப்புறமாகச் சிறிதே சாய்த்துவிட்டால், நீர் தளத்தின்மேல் ஓடாமல் குறுக்கே கடந்து சரிவில் இறங்கிவிடும். அது போதாதவிடத்து, பாதை இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் சில அடி ஏறுமாறு செய்வார்கள். அந்தத் தாழ்விடத்தில் நீர் தானே பிரிந்து வெளியேறும். ஓட்டுபவனுக்கோ அது ஓர் அலைபோன்ற இன்பம்! தனக்காக அமைத்தது என்று அவன் எண்ணுகிறான். உண்மையில் அது தண்ணீருக்காக அமைத்தது.

மேல்மண்ணாகிய கரி நிறப் புற்கரி ஈரத்தை உறிஞ்சிச் சேறாகும். அதை நீக்கிக் கீழே உள்ள கடினமண் வரை தோண்டி, உடைகல்லைப் பரப்பி இறுக்குவார்கள். மிகச் சரிவான இடங்களில் பெருங்கற்களைச் செங்குத்தாக நட்டு அடுக்குவார்கள். வளைவுகளில் வெளிக்கரையை உயர்த்திக் கட்டுவது, இருப்புப்பாதை வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்துவது போன்றதே. வேகத்தோடு திரும்பும் வண்டி வழுக்காமல் அக்கரையில் சாய்ந்து செல்லும். பௌதிக வகுப்பில் படித்த வட்ட இயக்கம் இங்கே சேற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

இனி வழக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு மலை யாருடையது? அதன்மேல் யார் நடக்கலாம்? நியூகாசல்டன் அருகே இரு நாட்டு எல்லையில் 'குருதிப் புதர்' என்ற பொருளுள்ள இடத்தில் பழைய கல்தூண் ஒன்று நிற்கிறது. குதிரைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று அத்தனியார் வழியில் செல்வோர் செலுத்தவேண்டிய சுங்கம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நிலவுடைமையாளர் விதித்ததே வழி என்றிருந்த காலத்தின் சான்று அது. இன்று மிதிவண்டிக்காரர்கள் காசின்றி அத்தூணைக் கடந்து போகிறார்கள். ஸ்காத்லாந்துப் பாராளுமன்றம் 2003இல் நிறைவேற்றி, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டம், ஏறத்தாழ எல்லா நிலத்திலும் நீர்நிலையிலும் நடக்கவும், குதிரையேறவும், மிதிவண்டி ஓட்டவும் எல்லார்க்கும் உரிமை தந்தது. பொறுப்போடு நடந்துகொள்ளவேண்டும் என்பது அதன் நிபந்தனை. வீட்டைச் சூழ்ந்த தோட்டம், பள்ளி வளாகம், பயிர் நிற்கும் வயல் முதலியவை விலக்கு. மோட்டார் வண்டிக்கு இவ்வுரிமை இல்லை. எல்லைக்குத் தெற்கே இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே குதிரைவழி என்று குறிக்கப்பட்ட பாதை முதலிய சிலவற்றிலேயே மிதிவண்டிக்கு உரிமையுண்டு. வெறும் நடைபாதையில் இல்லை. ஒரே குன்று, ஒரே புல். நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு. கோட்டுக்கு இப்பால் உரிமை, அப்பால் அத்துமீறல்.

ஆனால் இவ்வுரிமை செல்வதற்கு உரியது, தோண்டுவதற்கு உரியதன்று. இங்கேதான் சிக்கல் எழுந்தது. இன்னர்லீதன் குன்றுகளில் பிக்காசும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு, இளைஞர்கள் யாரையும் கேளாமல் தடங்களை வெட்டினார்கள். அவற்றுள் சில மிகச் சிறந்தவையாக அமைந்து, தொலைதூரத்திலிருந்தும் மக்களை இழுத்தன. நிலத்துக்குப் பொறுப்புடையவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாம் அமைக்காத பாதையில் ஒருவன் விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டால் கேள்வி தம்மை நோக்கி வரும். மரம் வெட்டும் பொறி வேலை செய்யும் இடத்தில் மேலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தால் என்னாவது? ஆகவே தடங்களை அழிப்பதும் நடந்தது. அழித்த தடத்தை இளைஞர்கள் வேறிடத்தில் வெட்டினார்கள். மண் அரிப்பு இரட்டித்தது. நாளடைவில் இரு சாராரும் உட்கார்ந்து பேசினார்கள். உள்ளூர்த் தொண்டர்கள் சங்கமாகச் சேர்ந்து, காட்டுத்துறையின் உடன்பாட்டோடு தடங்களைப் பேணும் முறை ஏற்பட்டது. முழு வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். இன்றும் இரகசியத் தடங்கள் இருக்கின்றன. ஆயினும் அழிப்பதைக் காட்டிலும் பொறுப்பை ஒப்படைப்பது நல்லது என்று கண்ட அதிகாரிகளைப் பாராட்டவேண்டும். மண்வெட்டி எடுத்து உழைக்கும் இளைஞனைக் குற்றவாளியாக நடத்துவது எந்த நாட்டுக்கும் நட்டமே.

எஞ்சிய இடங்களை விரைவாகக் கூறிவிடுகிறேன். நியூகாசல்டன் காட்டின் சிற்பக் கல் இரு நாட்டு எல்லையில் நிற்கிறது. அதன் நடுவே ஒரு துளை. இப்பாலிருப்பவரும் அப்பாலிருப்பவரும் அதன் வழியே கைகுலுக்கலாம். எல்லைக் கொள்ளைக் கூட்டங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டி மடிந்த மண்ணில் அத்தகைய கல் பொருத்தமானதே. ஏ என்ற ஊர் 1947இல் காட்டுத் தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்டது. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, தமிழில் ஒன்று. நம் இலக்கணத்தார் கூறும் ஓரெழுத்தொருமொழிகளில் 'ஏ' என்பதற்கு அம்பு என்று பொருள். அங்கு இறங்கும் வண்டிகளின் வேகத்துக்கு அப்பெயர் ஒத்தே இருக்கிறது. டால்பியாட்டியில் கருங்கல் பாறையின்மேலேயே தடம் செல்கிறது. அவ்வூர்க் கருங்கல் இலண்டனின் தேம்ஸ் கரைச்சுவருக்குச் சென்றது. கர்ரோட்ரீயிலும் அவ்வாறே பாறைத் தளங்கள். கிளென்ட்ரூல் பக்கம் அமைதியை நாடுவோர்க்கு உரியது. 1307இல் இராபர்ட் புரூஸ் ஆங்கிலப் படையை முறியடித்த ஏரிக்கரை அங்கே உள்ளது. சுற்றியுள்ள கேலோவே காடு, விளக்கொளி குறைந்து விண்மீன் தெளிவாகத் தெரியும் இடமென்று 2009இல் சிறப்பிக்கப்பட்டது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் உலக மிதிவண்டிப் பந்தயங்கள் கிளாஸ்கோவை நடுவாகக் கொண்டு ஸ்காத்லாந்தில் நடந்தபோது, மலை நாட்டோட்டப் பந்தயத்தை கிளென்ட்ரெஸ் காட்டிலேயே நடத்தினார்கள். ஆடவரில் இங்கிலாந்தின் டாம் பிட்காக்கும் மகளிரில் பிரான்சின் போலீன் ஃபெரான்-பிரேவோவும் வென்றனர். யாரும் நுழையாத காடென்று நான் சொன்ன இடத்தில் உலகத்து வீரர்கள் கூடினார்கள்.

இவ்வளவும் ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். தோள்பட்டை எலும்பு முறிவதும் மணிக்கட்டு முறிவதும் அங்கே அருமையான செய்தியல்ல. ட்வீட் பள்ளத்தாக்கு மலைமீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஆசிரியராகவோ தச்சராகவோ வேலை பார்ப்பவர், அழைப்பு வந்தால் நள்ளிரவிலும் தூக்குக்கட்டிலோடு மலையேறுகிறார். தன் திறமைக்கு மீறிய நிறத்தைத் தேர்ந்தெடுத்து விழுபவன், தன்னை மட்டுமன்றி அத்தொண்டர்களையும் இருட்டில் மலையேற்றுகிறான்.

காட்டுக்கும் ஆபத்து வருகிறது. லார்ச் என்னும் மரத்தை 'ரமோரம்' என்ற நுண்ணுயிர் நோய் பற்றுவதால் பெரும்பரப்பில் அதை வெட்டவேண்டியிருக்கிறது. 2021 நவம்பர் 26ஆம் நாள் வீசிய 'ஆர்வென்' புயல் எல்லைப்புறக் காடுகளில் மரங்களை வேரோடு சாய்த்தது. வேர்கள் மிக ஆழமாகச் செல்லாத ஸ்புரூஸ் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்தன. தடங்கள் மூடுண்டன. சாய்ந்த மரங்கள் இழுவிசையோடு வளைந்து கிடப்பதால், கண்டபடி அறுத்தால் அறுப்பவன் உயிருக்கே ஆபத்து. ஆகையால் தடங்களை மீட்க நெடுநாள் பிடித்தது. இப்போது புதிதாக நடுமிடங்களில் பிர்ச், ரோவன் முதலிய நாட்டு மரங்களையும் கலந்து நடுகிறார்கள்.

உங்களில் சிலர் நாளை எடின்பரோவில் படிக்கச் செல்லக்கூடும். அங்கிருந்து பீபிள்ஸுக்குப் பேருந்து உண்டு. ஏறத்தாழ ஒரு மணிப் பயணம். மலை மிதிவண்டி வாடகைக்கும் கிடைக்கும். மழைச்சட்டை, ஒரு மாற்று ட்யூப், காற்றடிக்கும் பம்பு, தலைக்கவசம், நிலப்படம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். கைப்பேசி எல்லா இடத்திலும் வேலை செய்யாது. ஏப்ரல், மே மாதங்களில் ஆடுகள் குட்டியீன்று மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றினூடே விரைந்து செல்லலாகாது. வேலிக் கதவு எந்நிலையில் இருந்ததோ அந்நிலையில் விட்டுவாருங்கள். முதல் நாள் பச்சைத் தடம், மறுநாள் நீலம். சிவப்பை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குத்தான் கதிரவன் மறைவான். வெளிச்சம் இருக்கிறதே என்று மலையிலேயே இருந்துவிட்டால் கடைசிப் பேருந்து போய்விடும். புறப்படுமுன்பே அதன் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.